திட்டத் தெரியாத மேடம்

உக்காரு கண்ணு. கதவுல காதை வெச்சாலும் ஒண்ணும் கேக்காது. நான் வெச்சுப் பாத்துட்டேன். உள்ள இருக்கறது உன்ற புருசனா? ம். மொதத் தடவையாட்ட இருக்குது. பைய மாரோட அணைச்சுட்டு நிக்கறயே, அதுலயே தெரியுது. இங்க பெஞ்சு மேல வெய்யி. யாரும் எடுக்க மாட்டாங்க, அவங்கவங்களுக்கு அவங்கவங்க வெசனம்.

ஒண்ணு முன்னாலயே சொல்லிப்போடறேன். உள்ள இருக்கற ரெஜினா மேடம் உன்ற புருசனை நறுக்குன்னு நாலு வார்த்தை கேப்பா, மெரட்டி உருட்டித் திருத்திக் குடுப்பான்னு நெனச்சுட்டு வந்திருந்தயின்னா அந்த நெனப்பை இப்பவே வுட்டுப்போடு. அவ திட்ட மாட்டா. அவளுக்குத் திட்டத் தெரியாது. நாகர்கோயில்காரி. பேச்சே கொழந்தைக்குச் சோறூட்டறாப்புல இழுத்து இழுத்துத்தான் வரும். குடிகாரனுக்கு எதுக்கு அந்தப் பேச்சுன்னு நானும் வந்த நாள்லருந்து கேட்டுட்டுத்தான் இருக்கேன்.

நானா? நான் என்ற தம்பிக்காக வர்றேன். சென்னியப்பன்னு பேரு. இதே திருப்பூர்ல பனியன் கம்பெனியில கட்டிங் மாஸ்டரு. துணிய அடுக்கடுக்கா விரிச்சு வெச்சு மிசின்ல வெட்டறது. ஒரு நூலு தப்புனா அத்தனை துணியும் போச்சு. அந்த வேலையில அவனை அடிச்சுக்க ஆளில்லம்பாங்க. அப்பேர்ப்பட்ட கை, காத்தால எந்திரிச்சா டம்ளரைப் புடிக்க முடியாம நடுங்கும். பொண்டாட்டி பொறுத்துப் பொறுத்துப் பாத்துட்டு அவ அம்மா ஊட்டுக்குப் போயிட்டா. அப்பறம் என்ற ஊட்டுலதான் இருந்தான். நான் வளத்த பையன் கண்ணு அவன். எங்கம்மா சாகறப்ப அவனுக்கு எட்டு வயசு. அப்பன் அதுக்கு முன்னாலயே போய்ச் சேந்துட்டாரு. எனக்குப் பதினெட்டு. அன்னையிலருந்து அவனுக்கு நான்தான் எல்லாம்.

அவனைத் திருத்தறதுக்கு நான் பண்ணாதது ஒண்ணு பாக்கியில்ல. வாயை மோந்து பாக்காம ஊட்டுக்குள்ள வுட்டதில்ல. சட்டப் பை, தலகாணி உறை, பரண்மேல கெடக்கற மிக்சிப் பொட்டி, எல்லாத்தையும் தெனமும் தடவிருவேன். செருப்பை ஒளிச்சு வெச்சேன், வெறுங்கால்ல நடந்து போனான். ஒருக்கா கடை முன்னால வரிசையில நின்னவனைச் சட்டையப் புடிச்சுக் கரகரன்னு இழுத்துட்டு வந்தேன். அவன்கூட வேலை செய்யறவங்க எல்லாம் நின்னு வேடிக்கை பாத்தாங்க. பாக்கட்டும்னுதான் போனேன். வெக்கம் வந்தாத்தான மனுசன் திருந்துவான்? அவன் என்ன பண்ணுனான்னு நெனக்கற? அன்னைக்குப் பொழுதோட எப்பவும் குடிக்கறதுக்கு ரெட்டிப்பாக் குடிச்சுட்டு வந்தான். அத்தனை பேரு முன்னால மானம் போயும் புத்தி வல்ல பாரு.

ஒரு எடத்துல கொண்டுபோய்ச் சேத்தேன். பேரு வேண்டாம். மொட்டை போட்டு, சங்கிலியில கட்டி வெச்சு, அடிப்பாங்களாமா. நம்ம பையன் நல்லதுக்குத்தானன்னு மனசைக் கல்லாக்கிட்டேன். எலும்பும் தோலுமாத் திரும்பி வந்தான். பஸ் ஸ்டாண்டுல எறங்குனதும் ஒண்ணுக்குப் போயிட்டு வர்றேன்னு கழண்டவன்தான், ரெண்டு நாளு ஊட்டுப் பக்கமே வல்ல.

அப்பறம் நானே ஒரு அறையில போட்டுப் பூட்டுனேன். சோறு தண்ணி சன்னல் வழியாக் குடுத்தேன். போன தை மாசம் இது. கத்துனான், கெஞ்சுனான், பூச்சி ஊறுதுன்னான். நான் தொறக்கல. கடைசியில சத்தத்தையே காணோம். தொறந்தா, வலிப்பு வந்து வாயில நொரை தள்ளிக் கெடக்கறான். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடுனா அந்த டாக்டரு என்னையப் புடிச்சுத் திட்டறாரு. "வருசக்கணக்காக் குடிச்சவன் மருந்தில்லாமத் திடீர்னு நிறுத்துனா உசுரே போயிரும், இது தெரியாதாம்மா உனக்கு?"ன்னு. குடிச்சவனை வுட்டுப்போட்டு, நிறுத்தச் சொன்னவளைத் திட்டறாரு. இந்த ஒலகத்துல நாயத்தை எங்க போய்க் கேக்கறது?

அவருதான் மருந்து குடுத்துத் தேத்தி, இந்தக் கவுன்சிலிங் எடத்துக்குத் தாட்டி வுட்டாரு.

மொத நாளு மேடம் என்னையும் உள்ள கூப்புட்டு உக்கார வெச்சா. நான் பட்ட பாட்டையெல்லாம் சொல்றதுக்குத் தயாராப் போயிருந்தேன். அவ அவனைப் பாத்து, "சென்னியப்பன், இந்தக் குடி உங்களுக்கு என்ன குடுத்துச்சு?"ன்னு கேக்கறா. கெடுத்துச்சுன்னு கேக்கறாளாக்கும்னு நெனச்சேன். இல்ல கண்ணு, குடுத்துச்சாமா!

"அது என்னத்தை மேடம் குடுக்கும்? ஊட்டைக் கெடுத்துது, ஒடம்பைக் கெடுத்துது"ன்னு நான் ஆரம்பிச்சேன். "அக்கா, உங்களுக்கும் நேரம் இருக்கு. அவிய மொதல்ல சொல்லட்டும்"ன்னு சிரிச்ச மொகமாச் சொல்லிட்டா.

அவன் தலையைத் தொங்கப் போட்டுட்டு உக்காந்திருந்தான். திட்டு வாங்கப் போற மூஞ்சி அது, எனக்குத் தெரியும். தலையைத் தூக்காமயே, "சத்தம் நிக்குமுங்க மேடம்"ன்னான். என்ன சத்தம்னுகூட அவ கேக்கல. "ம்"னு சொல்லிட்டுக் காத்துட்டிருந்தா. அப்பறம் சொன்னான், "பெரியம்மா ஊட்டுக் கெணத்து மோட்டாரு சத்தமுங்க"ன்னு.

அது ஒண்ணுமில்ல கண்ணு. அம்மா ஆஸ்பத்திரியில செத்தப்ப அவனுக்கு நான் சொல்லல. சின்னப் பையன் தாங்க மாட்டான்னு பெரியம்மா தோட்டத்துல கொண்டுபோய் வுட்டேன். அம்மா எப்ப வரும்னு நச்சரிச்சான். "மோட்டாரு ஓடி நிக்கறதுக்குள்ள வந்துரும், போய்ப் பாத்துட்டிரு"ன்னேன். ஒரு பேச்சுக்குச் சொல்றதுதான? அவன் தெனமும் மோட்டாரு ரூம்புக்கு முன்னாலயே உக்காந்திருப்பானாமா. பெரியம்மா சாப்புடக் கூப்புட்டாலும் எந்திரிக்க மாட்டானாமா. காரியமெல்லாம் முடிச்சுட்டுத்தான் கூட்டியாந்தேன். ஊட்டுக்குள்ள வந்தான், அறை அறையாப் பாத்தான். நான் சொன்னேன், "அம்மா போயிருச்சு. நீ ஆம்பளப் பையன், அழுவக் கூடாது"ன்னு. ஒரு சொட்டுக் கண்ணுத்தண்ணி வுடல கண்ணு. அவ்வளவு தைரியமா வளத்துனேன் அவனை.

அதைப் போயி அவகிட்டச் சொல்லிட்டிருக்கான். நான் பசியோட கெடந்து அவனுக்குச் சோறு போட்டதைச் சொல்லல, மில்லு வேலைக்குப் போய்ப் படிக்க வெச்சதைச் சொல்லல. எப்பவோ ஓடுன மோட்டாரு சத்தத்தைச் சொல்றான். எனக்கு மனசு வுட்டுப்போச்சு. அவ என்னடான்னா கண்ணுல தண்ணி நிக்கக் கேட்டுட்டிருக்கறா.

அதுக்கப்பறம் எனக்குச் சட்டம் போட்டா. வாயை மோந்து பாக்கக் கூடாதாமா. பையத் தடவக் கூடாதாமா. முக்கியமா, சத்தியம் கித்தியம் எதுவும் வாங்கக் கூடாதாமா. "ஒருவேளை மறுபடி குடிச்சுட்டா, ஒளிச்சுக்காம இங்க வரணும்னு அவியளுக்குத் தோணணும் அக்கா. உங்களப் பாத்துப் பயந்தா ஒளிச்சுக்கத்தான் தோணும்"ங்கறா. குடிச்சுட்டு வந்தாத் தாம்பூலத் தட்டு வெச்சு வரவேக்கோணுமாக்கும்னு கேட்டேன். அதுக்கும் சிரிக்கறா.

ஆனா ஒண்ணு கண்ணு, பொய் சொல்லக் கூடாது. மாத்தரை சாப்புட்டுட்டு வாராவாரம் இங்க வந்துட்டுத்தான் இருந்தான். குடிக்கல. கை நடுக்கம் கொறஞ்சுது. கம்பெனியில மறுபடி சேத்துக்கிட்டாங்க. சாய்ந்திரமானா என்ற பொண்ணு தாரணிகூட உக்காந்து சிரிச்சுப் பேசிட்டிருப்பான். எனக்குத்தான் இருப்புக் கொள்ளாது. அவன் சிரிச்சாலும் பயம், சிரிக்காட்டியும் பயம். குளிக்கப் போனா கதவுகிட்ட நின்னு கேப்பேன்.

அப்பத்தான் தாரணிக்குக் கல்யாணம் கூடி வந்துது. ஆவணியில முகூர்த்தம். பல்லடத்துப் பக்கம் நல்ல குடும்பம். எங்க பக்கம் கல்யாணத்துல தாய்மாமன் பொண்ணோட நெத்தியில பட்டம் கட்டோணும், தெரியுமல்ல? அது அவன் கையாலதான் ஆகோணும். சபை நடுவுல தள்ளாடிட்டு நின்னான்னா என்ற நெலைமை என்ன ஆகறது?

கல்யாணத்துக்கு ஒரு வாரம் முந்தி, ஒறம்பரை சனமெல்லாம் ஊட்டுல கூடியிருந்துது. நான் வெளக்கு முன்னால தாரணிய உக்கார வெச்சேன். "வாடா, இவ தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணு"ன்னேன்.

"வேண்டாங்க்கா. மேடம் சத்தியம் வேண்டாம்னிருக்காங்க."

"மேடம் பேச்சு பெருசா, உன்ற அக்கா பேச்சு பெருசா?"

"அம்மா, எதுக்கு இதெல்லாம்? மாமா நல்லாத்தான இருக்கறாரு, வுடு"ங்கறா தாரணி. அவளுக்கு என்ன தெரியும்? அவன் கையைப் புடிச்சு அவ உச்சந்தலையில வெச்சேன். சில்லுன்னு இருந்துது அந்தக் கை. இனித் தொட்டா இவளுக்கு என்ன வேணா ஆகட்டும்னு சொல்லச் சொன்னேன். ஒதடு மட்டும் அசைஞ்சுது. எல்லாருக்கும் கேக்கறாப்புலச் சொல்லுன்னேன். சொன்னான். எனக்கு அன்னைக்குத்தான் கண்ணு நிம்மதியாத் தூக்கம் வந்துது.

கல்யாணத்துக்கு மொத நாளு மத்தியானம். மண்டபத்துல பந்தி நடந்துட்டிருக்குது. மாப்பள ஊட்டுக்காரங்க வர்ற நேரம். மாலை வாங்கிட்டு வர்றேன்னு போனவனைக் காணோம். போன் போட்டா மொதல்ல ரிங்கு போயிட்டே இருந்துது, அப்பறம் சுச்சாப்பு.  எங்க ஊட்டுக்காரரு, "வந்துருவான், கூட்டமா இருக்கும்"ங்கறாரு. நான் மண்டபத்து வாசல்லயே நிக்கறேன். சம்பந்தியம்மா வந்து எறங்கி, "பட்டம் கட்டற மாமன் எங்கீங்க?"ன்னு கேக்கறாங்க. "காய்ச்சலுங்க, மாத்தரை போட்டுப் படுத்திருக்கறானுங்க"ன்னு வாய் கூசாமச் சொன்னேன்.

அப்பத்தான் அவன் கம்பெனி வாட்ச்மேன் போன் பண்ணுனாரு. ஞாயித்துக்கெழமை, கம்பெனி லீவு. "உங்க தம்பி கட்டிங் செக்சனுக்குள்ள போயி உள்ளார தாப்பா போட்டுட்டாருங்க. பையில பாட்டில் இருந்தாப்புல இருந்துது. கூப்புட்டாப் பதிலே இல்லீங்க"ன்னாரு.

அங்க மிசின் இருக்குது கண்ணு. கத்தி மிசினு.  ஒரு ஆட்டோவுல ஏறுனேன். ஏறுனதும் நான் பண்ணுன மொத வேலை, ரெஜினா மேடத்துக்குப் போன் போட்டு நாக்கைப் புடுங்கிக்கறாப்புலக் கேட்டது. "உங்க கொஞ்சல் பண்ணுன வேலை, வந்து பாருங்க"ன்னேன். அவ ஒரு வார்த்தை பதிலுக்குப் பேசல. "எந்தக் கம்பெனி, எந்தத் தெரு?"ன்னு மட்டும் கேட்டா. நான் போய் எறங்கறப்ப அவ ஸ்கூட்டிய நிறுத்திட்டிருக்கா. லீவு நாளு, நைட்டி மேல ஒரு துப்பட்டா போத்திட்டு அப்படியே வந்திருக்கா.

மேல் மாடி. இரும்புக் கதவு. நான் ரெண்டு கையாலயும் அடிச்சேன். "டேய் சென்னியப்பா, தொறடா! தாரணி தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணுனயேடா பாவி! அவளுக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா நீ இருப்பயாடா?"ன்னு கத்துனேன்.

உள்ளருந்து, "இருக்க மாட்டேங்க்கா"ன்னு கொரல் வந்துது. கத்தல. மெதுவாத்தான் சொன்னான். "அதுக்குத்தான் இங்க வந்தேன். அவளுக்கு ஆகறதுக்கு முன்னால எனக்கு ஆகட்டும்"ன்னான்.

ரெஜினா மேடம் என்னையத் திரும்பிப் பாத்தா. "சத்தியம் வாங்குனியளா?"ன்னா. அவ்வளவுதான். வேற ஒண்ணும் கேக்கல. திட்டியிருந்தா நானும் பதிலுக்கு நாலு பேசியிருப்பேன், திட்டல. வாட்ச்மேனைக் கூப்புட்டு, காதோட, கரண்ட்டை மெயின்ல நிறுத்தச் சொன்னா. போலீசுக்கும் ஆம்புலன்சுக்கும் சொல்லி வெச்சுக்கச் சொன்னா. அப்பறம் கதவுக்கு முன்னால, அந்த நூலு பஞ்செல்லாம் கெடக்கற தரையில, சம்மணம் போட்டு உக்காந்துட்டா.

"சென்னியப்பன், நான் ரெஜினா. சாப்பிட்டியளா?"

பாரு கண்ணு, கேக்கற கேள்விய! எனக்கு உசுரு போயிட்டு வருது, அவ சோத்தைக் கேக்கறா.

 "நான் சாப்பிடல. சாப்பிட உக்காந்தப்பதான் அக்கா கூப்பிட்டாவ"ங்கறா. அப்பத்தான் உள்ளருந்து, "போயிச் சாப்புடுங்க மேடம்"ன்னான்.

"சாப்பிடலாம். கையில என்ன இருக்கு?"

"பாட்டிலு."

"வேற ஒண்ணும் இல்லையே?"

"இல்லீங்க. மிசினுக்குப் பக்கத்துல உக்காந்திருக்கேன்."

"அத விட்டு எந்திரிச்சுக் கதவுக்குப் பக்கத்துல வந்து உக்காருங்க. கதவத் திறக்க வேண்டாம். பக்கத்துல மட்டும் வாங்க. எனக்குச் சத்தமாப் பேச முடியல."

 ஒண்ணும் கேக்கல. அப்பறம் துணி ஒரசற சத்தம். கதவுக்கு அந்தப் பக்கம் முதுகு சாயற சத்தம். அவ கண்ணை மூடி ஒரு பெருமூச்சு வுட்டா பாரு, அப்பத்தான் அவளுக்கும் நெஞ்சு அடிச்சுட்டிருந்ததே எனக்குத் தெரிஞ்சுது.

"பாட்டில்ல எவ்வளவு இருக்கு?"

"பாதி இருக்குதுங்க."

"பாதியில நிறுத்தியிருக்கியளே. எப்படி நிறுத்துனிய?"

கேட்டயா கண்ணு? பாதி குடிச்சவனை, ஏண்டா குடிச்சேன்னு கேக்கறதுக்கு ஆளில்ல. மீதிய எப்படிக் குடிக்காம வுட்டேன்னு கேக்கறா, என்னமோ பரிச்சையில பாஸ் பண்ணிட்டவனைக் கேக்கறாப்புல. எனக்கு வந்த கோவத்துக்கு, "அடச் சீ, இது ஒரு பேச்சா?"ன்னு வாயைத் தொறந்துட்டேன்.

உள்ளருந்து, "அக்கா போகட்டுங்க மேடம். அக்கா போனாத்தான் பேசுவேன்"ன்னான்.

நான் வளத்த பையன். எனக்குக் கதவைத் தொறக்க மாட்டேங்கறான், யாரோ ஒரு நாகர்கோயில்காரிகிட்டப் பேசறானாமா. மேடம் என்னையப் பாத்துக் கைய எடுத்துக் கும்புட்டா. நான் மாடிப்படியில பாதி எறங்கி நின்னுட்டேன். அதுக்கு மேல கால் எறங்கல. அங்கருந்தும் கேட்டுது.

"எப்படி நிறுத்துனீங்கன்னா கேக்கறீங்க?"ன்னான். "மொத மொடக்குலயே சத்தம் நிக்கும்னு நெனச்சேன் மேடம். நிக்கல. தாரணி மூஞ்சிதான் வந்துது. ஒரு வாரமாவே எல்லாரும் சிரிக்கறாங்க மேடம். சத்தியம் பண்ணிட்டயாமா மாப்ள, தாங்குமான்னு கேக்கறாங்க. மாலைக் கடைக்குப் போற வழியில கால் தானாத் திரும்பிருச்சு. குடிச்சதுக்கப்பறந்தான் ஞாபகம் வந்துது, ஐயோ அவ தலையில கைய வெச்சமேன்னு. நான் குடிச்சது அவளுக்குப் போயி விடியுமே மேடம்…"

அப்பறம் அழுதான். எட்டு வயசுல அழுகாதவன், கண்ணு. ஆம்பள அழறது எனக்குப் புடிக்காது. ஆனா அது மாதிரி ஒரு அழுகைய நான் கேட்டதில்ல. மாடிப்படிக் கம்பியப் புடிச்சுட்டு நின்னேன். அவ "அழாத"ன்னே சொல்லல. கடைசி வரைக்கும் சொல்லவேயில்ல.

அவன் கொஞ்சம் அடங்குனதும், அவ போன்ல தாரணியக் கூப்புட்டு ஸ்பீக்கருல போட்டா. என்ற பொண்ணு நம்பரு அவகிட்ட எப்படி வந்துதுன்னு எனக்கு இன்னும் தெரியாது. "மாமா, எங்கிருக்கீங்க?"ன்னு தாரணி கேக்கறா.  மேடம்தான், "நீயே சொல்லு தாரணி, உனக்கு ஏதாவது ஆயிருக்கா?"ன்னா.

"எனக்கென்ன? வளையல் போட்டுட்டு உக்காந்திருக்கேன். மாமா, குடிச்சிருந்தாலும் பரவால்ல, வாங்க. அந்தச் சத்தியத்தை நான் ஒத்துக்கவேயில்ல. அது என்ற தலை, உங்க தலையில்ல."

இந்தக் காலத்துப் பொண்ணுக பேச்சைப் பாத்தயா? பெத்தவ வாங்குன சத்தியத்தை ஒத்துக்க மாட்டாளாமா!

ஆனா தாப்பா வெலகுற சத்தம் கேட்டுது. நான் ஓடுனேன். கண்ணு செவந்து, சட்டையெல்லாம் பஞ்சு ஒட்டி நிக்கறான். பாட்டிலை மேடம் கையில குடுத்துட்டான். நான் கைய ஓங்கிட்டேன். அவன் நகரல. கண்ணை மூடிட்டுக் கன்னத்தைக் காட்டிட்டு நின்னான், பழக்கப்பட்டவனாட்ட. மேடம் என்ற கையப் புடிக்கவும் இல்ல, தடுக்கவும் இல்ல. "அக்கா, ரொம்பப் பயந்துட்டிய"ன்னா. எனக்கு வந்தது கோவம். அவ பயம்ங்கறா. என்ன படிச்சாளோ. கை என்னமோ அப்படியே எறங்கிப்போச்சு.

மேடம் அவனை ஆம்புலன்சுலயே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயி, டாக்டரு பார்வையிலயே படுக்க வெச்சா. நான் மண்டபத்துக்கு வந்து மொகத்தைக் கழுவிட்டு, பெரியப்பா பையனைக் கூப்புட்டு, "நீ பட்டம் கட்டிரு, இவனுக்குக் காய்ச்சல்"ன்னு ஏற்பாடு பண்ணிட்டேன். மானம் முக்கியமல்ல?

காத்தால முகூர்த்தம். தாரணி மணவறையில உக்காந்துட்டா. பட்டத்தைத் தட்டுல வெச்சாச்சு. பெரியப்பா பையன் துண்டை இடுப்புல கட்டிட்டு வர்றான். இவ தலையை நிமித்தி, "மாமா வரட்டும்"ங்கறா. "நேரமாவுது சாமி"ன்னு நான் பல்லைக் கடிச்சுட்டுச் சொல்றேன். "வரட்டும்." அவ்வளவுதான், வேற பேச்சில்ல. அய்யரு மணியப் பாக்கறாரு. சம்பந்தியம்மா என்ற மூஞ்சியப் பாக்கறாங்க. மேளக்காரங்க வாசிக்கறதை நிறுத்திட்டாங்க. அந்த நேரத்துல பூமி பொளந்து என்னைய முழுங்கியிருந்தா நல்லாயிருந்திருக்கும்.

வந்தான். துவைச்ச வேட்டி சட்டை, மொகம் வெளுத்துப் போயி. பின்னால வாசப்படியிலயே மேடம் நின்னுட்டா. அவன் நேரா மணவறைக்கு வந்தான். மாப்பளைக்கு அப்பா பெரிய மனுசன், எந்திரிச்சு, "காய்ச்சல்னாங்க, இப்பப் பரவால்லீங்களா தம்பி?"ன்னு கேட்டாரு. ஆமாங்கன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிருக்கலாமல்ல? நான் கண்ணால சாடை காட்டறேன். இவன் என்ன சொன்னான்னு கேளு.

"காய்ச்சல் இல்லீங்க. நேத்துக் குடிச்சுட்டனுங்க. வைத்தியம் பாத்துட்டிருக்கறேன். இன்னைக்குக் குடிக்கலீங்க."

மைக்கு பக்கத்துல இருந்துது கண்ணு. மண்டபம் பூராவும் கேட்டுது. பந்தியில எலை போடறவன்கூட நின்னுட்டான். அந்த மனுசன் இவனையே பாத்துட்டு நின்னாரு. எவ்வளவு நேரம்னு சொல்லத் தெரியாது.  கல்யாணம் நின்னுதுன்னே முடிவு பண்ணிட்டேன்.

அவரு தட்டை எடுத்து இவன் கையில குடுத்தாரு. "கட்டுங்க தம்பி. நேரமாவுது"ன்னாரு.

 பட்டத்தை நெத்தியில வெச்சுப் பின்னால முடிச்சுப் போடோணும். நூலு நழுவுது. மறுபடி புடிக்கறான், மறுபடி நழுவுது. பெரியப்பா பையன் ஒதவிக்குக் கைய நீட்டுனான், தாரணி கண்ணாலயே வேண்டாம்னுட்டா. தலையைக் குனிஞ்சுட்டு, அவசரமே இல்லாதவளாட்டம் உக்காந்திருந்தா. முடிச்சு வுழுந்துது. மேளம் கொட்டுனாங்க. எல்லாரும் அட்சதை போட்டாங்க. நான் போடல. நேரா சாமான் ரூம்புக்குப் போயி, தேங்கா மூட்டை மேல உக்காந்துட்டேன். இத்தனை வருசம் நான் கட்டிக் காத்த மானத்தை மைக்குல போட்டு ஒடச்சுட்டானே. எங்க ஊட்டுக்காரரு வந்து, "பொண்ணுக்குத் தாலி கட்டப் போறாங்க, எந்திரி"ன்னு கூட்டிட்டுப் போனாரு.

இப்பவா? இப்ப நல்லாத்தான் இருக்கான். தீபாவளிக்கு முந்தி ஒருக்காக் குடிச்சான். யாருக்கும் தெரியாது, ஆனா மறுநாளு அவனே இங்க வந்து சொல்லிட்டானாமா. அதுக்கும் அவ திட்டல. கம்பெனிக்குப் பக்கத்துலயே ஒரு ரூம்பு எடுத்துத் தங்கிக்கிட்டான். ஞாயித்துக்கெழமையானா தாரணி ஊட்டுக்குப் போயிட்டு, அப்படியே எனக்கும் எதாச்சும் வாங்கிட்டு வருவான். நான் இப்பெல்லாம் வாயை மோந்து பாக்கறதில்ல, அவன்தான் வாசல்லயே உக்காந்துட்டு எந்திரிச்சுப் போயிருவானே.

அவன் வர்றது செவ்வாக்கெழமை. நான் வியாழக்கெழமை. மேடம்தான் என்னைய வரச் சொன்னா, தம்பியப் பத்தித் தகவல் வேணுமாட்ட இருக்குது. ஆனா அவனைப் பத்தி நான் ஆரம்பிச்சா, மெதுவாப் பேச்சை வேற பக்கம் திருப்பிருவா. போன வாரம் கேக்கறா, "அம்மா போனப்ப தம்பிய நீங்க பாத்துக்கிட்டிய. உங்கள யாரு பாத்துக்கிட்டா?"ன்னு. இதென்ன கேள்வி? எனக்கென்ன கேடு, நானா குடிச்சேன்? டக்குன்னு ஒரு பேரைச் சொல்லிரலாம்னு வாயைத் தொறந்தேன். பேரே வல்ல கண்ணு. எனக்கு அன்னைக்குச் சளி வேற. மூக்கும் கண்ணுமா ஒழுகி முந்தானையெல்லாம் நனைஞ்சுபோச்சு. அவ பேசாமத் தண்ணி டம்ளரை நகத்தி வெச்சுட்டு உக்காந்திருந்தா. நேரம் முடிஞ்சும் போகச் சொல்லல.

தோ, கதவு தொறக்கறாங்க. உன்ற புருசனா அது? அழுதிருக்கான் பாரு. போ, போய்ப் பக்கத்துல நில்லு. ஒண்ணும் கேக்காத.

என்னையக் கூப்புடறா. வர்றேன் கண்ணு. தம்பியப் பத்திச் சொல்றதுக்குப் புதுசா ஒண்ணுமில்லதான். வராம இருந்துக்கலாம். ஆனா பாவம், நாள் பூராவும் குடிகாரங்க மூஞ்சியவே பாத்துட்டிருக்கறவ. அவளுக்கும் மனசு வுட்டுப் பேசறதுக்கு ஒரு ஆள் வேணுமல்லோ.